பலெர்மோவில் கடைசி வியாழக்கிழமை

விடுமுறை முடியப்போகிறது என்றால் மற்றவர்கள் படம் எடுப்பார்கள், கடைகளுக்கு ஓடுவார்கள். நான் இத்தாலியின் பலெர்மோவில், நண்பனின் குசினிக் கதிரையில், கழுத்தைச் சுற்றி ஒரு பழைய துவாயோடு குந்தியிருந்தேன். நண்பன் பல் துலக்கும் பிரஷை டையில் தோய்த்துத் தோய்த்து என் நரையைத் தேடிக்கொண்டிருந்தான். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.

"மச்சான், இது தலையோ, நான் துடைக்கிற சிஞ்ஞோரா வீட்டுப் பளிங்குத் தரையோ? இவ்வளவு வெள்ளையை நான் அங்கைதான் பாத்தனான்."

"கதையாமல் அடி. காதிலை பட விடாதை."

"காதுக்குள்ளையும் நரைச்சிருக்கடா. அதுக்கும் அடிக்கவோ?"

அன்றைக்கு வியாழக்கிழமை. சனிக்கிழமை எனக்கு விமானம். இரண்டுக்கும் இடையில் என் வாழ்க்கை சரிவருமா வராதா என்பது தெரிந்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் அந்த டை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் இங்கிலாந்தில் ஒரு நாட்டுப்புறப் பெற்றோல் நிலையத்தில், கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த காலம். வீடுகளைவிடச் செம்மறிகள் கூடிய ஊர் அது. காலையில் ஒரு கிழவி பத்திரிகை வாங்க வருவாள். மழை என்பாள். ஆமாம், மழை என்பேன். வெயில் எறிக்கும் நாட்களில் அவள் வருவதில்லை; சொல்வதற்கு விஷயமில்லை என்பதால்தான் என்று நினைக்கிறேன். இன்னொரு தமிழ் முகத்தைப் பார்ப்பதானால் ஒரு பஸ்ஸும் இரண்டு ரயிலும் பிடிக்க வேண்டும். இங்கிலாந்து என்றால் லண்டன் என்று நினைக்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசில்லை. பலெர்மோவில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை.

நாற்பதைத் தாண்டியும் கலியாணமில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் பத்து விதமாகப் பதில் சொல்லுவேன். பத்தும் நல்ல பகிடிகள். கேட்டவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போவார். நான் என் அறைக்குப் போய் மீன் டின்னைத் திறப்பேன்.

பலெர்மோ நண்பன் என்னோடு படித்தவன். அவனும் மனைவியும் அங்கே வீடுகள் துப்புரவாக்கிப் பிழைத்தார்கள். ஒருநாள் ரெலிபோனில் கூப்பிட்டு, "மச்சான், ஒருக்கா வந்து இஞ்சத்தைக் கடலைப் பாத்திட்டுப் போவன்" என்றான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. இங்கிலாந்தைச் சுற்றி இருப்பதும் கடல்தான். ஆனால் நண்பனின் மனைவிக்கு ஒரு பெரியம்மாவின் மகள் இருக்கிறார், முப்பத்தெட்டு வயது, ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய வீட்டம்மாவின், வீட்டில் தங்கி வேலை செய்கிறார் என்பதெல்லாம் முந்திய ரெலிபோன்களில் தற்செயலாகச் சொல்லப்பட்டிருந்தது. மிகவும் தற்செயலாக, மூன்று தரம்.

பெண் பார்க்க வா என்று எங்கள் ஆட்கள் சொல்லமாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. பேசாமல் இருந்தால், காரியம் குழம்பினாலும் ஒருவருக்கும் முகம் முறியாது. நான் கடல் பார்க்க வந்தவன். அவர் தங்கச்சி வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர். தற்செயலாக இரண்டு பேரும் ஒரே மேசையில். இந்த ஏற்பாட்டை நான் எப்போதும் மெச்சியிருக்கிறேன். இதுவே என்னைக் குழிக்குள் இறக்கும் என்று அப்போது தெரியாது.

வீட்டோடு தங்கி வேலை செய்கிறவர்களுக்கு அங்கே ஞாயிற்றுக்கிழமையும் வியாழன் மத்தியானத்துக்குப் பிறகும்தான் ஓய்வு. அதனால் பலெர்மோவில் எங்கள் ஆட்களின் காதல், சண்டை, சமரசம், பெயர்சூட்டு விழா எல்லாம் வியாழனிலும் ஞாயிறிலும்தான் நடக்கும். நான் போய் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட வந்தார். நிறம் மங்கிய நீலச் சட்டை, இறுக்கிப் பின்னிய தலை, அதிகம் வேலை செய்த கைகள். கதிரையின் நுனியில்தான் இருந்தார். என்னைப் பார்த்து, "பயணம் சுகமாய் இருந்ததோ?" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். எனக்குப் பதகளிப்பு வந்தால் வாய் தன்பாட்டில் ஓடத் தொடங்கிவிடும். குதிரை பிய்த்துக்கொண்டு போகும், வண்டிக்காரன் நான் பின்னால் ஓடுவேன். செம்மறிகளைப் பற்றிச் சொன்னேன். கிழவியைப் பற்றிச் சொன்னேன். ஒரு செம்மறி கடைக்குள் புகுந்து வாழ்த்து அட்டைகளைத் தின்றதைச் சொன்னேன். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் தெரியாமல் போய், என் கைவசமுள்ள உச்சமான கதையை எடுத்தேன். கள்ளமாய் ஆள் அனுப்புகிற ஏஜென்ற் மூலம் நான் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த கதை. அதில் ஒரு படகு வரும். அந்த இடத்தில் சிரிக்காத மனிதரை நான் கண்டதில்லை.

"படகிலை ஏத்தேக்கை அவன் எங்களுக்குச் சொன்னவன்…" என்று தொடங்கினேன்.

"மச்சான், எழும்பு," என்றான் நண்பன். "சோடா முடிஞ்சுது. வா, வாங்கிக்கொண்டு வருவம்."

மேசையில் இரண்டு போத்தல் சோடா மூடி திறக்காமல் நின்றன. நான் அளவுக்கு மிஞ்சிக் கதைக்கிறேன் என்று என்னைக் காப்பாற்றுகிறான் என எடுத்துக்கொண்டேன். நன்றியோடு எழும்பிப் போனேன். மூன்றாவது போத்தலையும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை, சிஞ்ஞோராவுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சிஞ்ஞோராவின் மகள் பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து பிள்ளைகளோடு வந்துவிட்டாள், சமைக்க ஆள் வேண்டும். முன்பின் பார்த்திராத ஒரு கிழவியின் உடல்நலத்துக்காக நான் அவ்வளவு உருக்கமாக வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இடையில் நான் நிஜமாகவே கடலைப் பார்த்தேன். பல நாள் பார்த்தேன். பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவரின் கடை இருந்தது. மிளகாய்த்தூளுக்குப் போனால் அங்கே நிற்கிறவர்கள் விடமாட்டார்கள்.

"என்ன அண்ணை, கடல் எப்பிடி?"

"உப்புக் கொஞ்சம் காணாது."

"எங்களுக்கு எப்ப சாப்பாடு?"

"கடலைக் கேட்டுச் சொல்லுறன்."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தால், மீதி இருந்தது இந்த ஒரே வியாழன்.

டை காய்ந்துகொண்டிருக்கும்போது நண்பனின் மனைவி குசினிக்குள் வந்தார். கத்தரிக்காயை வெட்டத் தொடங்கினார். கத்தரிக்காயைப் பார்த்தபடிதான் பேசினார்.

"அண்ணை, அக்கா இண்டைக்கு மலைக்குப் போறாவாம். நாங்களும் போவம். நீங்களும் இன்னும் மலை பாக்கேல்லைத்தானே."

"ஓம், கடல் எனக்குக் கொஞ்சம் அலுத்துப் போச்சுது."

"ஒரு விசயம். மலை ஏறேக்கை அவ கதைக்கமாட்டா. நேர்த்திக்கடன். வெறுங்காலோடை ஏறுவா. மேலை போய் மெழுகுதிரி கொளுத்தினாப் பிறகுதான் வாய் திறப்பா. கோவிக்கக்கூடாது."

"என்ன நேர்த்தி?"

கத்தி ஒரு கணம் நின்றது. நண்பன் பிரஷைக் கழுவுவதில் மும்முரமானான்.

"அது… அவவின்ரை சொந்த விசயம் அண்ணை. நல்ல காரியத்துக்குப் போகேக்கை அதெல்லாம் என்னத்துக்கு."

நல்ல காரியம். அந்த வீட்டில் இந்த விஷயத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லப்பட்ட ஒரே சொல் அதுதான். அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு மேளம் அடிக்கத் தொடங்கியது. அந்த மேளச் சத்தத்தில் மிச்சம் ஒன்றும் காதில் விழவில்லை.

பலெர்மோவுக்கு ஒரு பக்கம் கடல் என்றால் இன்னொரு பக்கம், கடலை ஒட்டியே, மொந்தே பெல்லெக்ரீனோ மலை. உச்சிக்குக் கிட்ட ஒரு குகை; குகைக்குள் ஊரைக் காக்கிற புனிதையின் கோயில். ஊரார் அவரைச் செல்லமாகச் சாந்துத்சா என்பார்கள். எங்கள் ஆட்களில் மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரரும் போவார்கள், சைவக்காரரும் போவார்கள். அந்த மலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தாலியனைவிடத் தமிழன் அதிகம் என்று நண்பன் சொன்னான். வளைந்து வளைந்து ஏறும் பழைய கல்பாதை. பஸ்ஸும் உண்டு. ஆனால் பஸ்ஸில் போனால் வேண்டுதல் பாதித்தூரம்தான் போகும் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு.

அடிவாரத்தில் அவர் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். தோளில் ஒரு துணிப்பை. என்னைக் கண்டதும் தலையசைத்தார். செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? சும்மா நின்றிருக்க வேண்டும். நானோ குனிந்து என் புதுச் சப்பாத்தைக் கழற்றினேன், காலுறையையும் கழற்றினேன். பல வருடம் இங்கிலாந்துக் கம்பளிக் காலுறைக்குள் இருந்த பாதங்கள். வெளியே வந்து வெயிலைக் கண்டு அவையே திகைத்தன.

"உனக்கென்ன விசரோடா?" என்றான் நண்பன் மெதுவாக.

"பக்தி மச்சான்."

"நீ வேதமுமில்லை, நேர்த்தியுமில்லை."

"இப்ப வந்திட்டுது."

முதல் வளைவு தாண்டியதும் நண்பனுக்கு மூச்சு வாங்கியது. ஐந்து மாடி ஏறி இறங்கித் தரை துடைக்கிற ஆள். மனைவிக்கும் வாங்கியது. "நீங்கள் போங்கோ, நாங்கள் ஆறுதலாய் வாறம்" என்றார்கள். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வளைவுக்குக் கீழே நின்று, மரங்களை அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆக, நானும் அவரும். பேச முடியாத ஒரு பெண். வாயை மூட முடியாத ஒரு ஆண். இதைவிடப் பொருத்தம் பார்க்க முடியுமா?

ஏறும்போதே மெல்லக் கேட்டுவிடுவது, மேலே போனதும் அவர் பதில் சொல்லட்டும் என்பதுதான் என் திட்டம். ஒரே ஒரு கேள்வி. இரவெல்லாம் பாடமாக்கியிருந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"இங்கிலாந்திலை," என்றேன், "செம்மறி இரண்டு வகை."

எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் வந்துவிட்டது; பிறகு நிறுத்த வழியில்லை. முகம் கறுத்த செம்மறி, முகம் வெளுத்த செம்மறி. முதலாளியின் நாய். கார் கழுவும் யந்திரத்துக்குள் கண்ணாடியைத் திறந்துவிட்டு இருந்த பாதிரியார். கல் காலைக் குத்தக் குத்தச் சொன்னேன். ஒவ்வொரு வளைவிலும் இந்தக் கதை முடிந்ததும் கேட்டுவிடுவேன் என்று எனக்கே சத்தியம் பண்ணினேன். வளைவு வரும், இன்னொரு கதை வரும்.

ஒரு திருப்பத்தில் அவர் நின்று, பைக்குள் கை விட்டு ஒரு மண்டரின் தோடம்பழத்தை எடுத்தார். சிஞ்ஞோரா குடும்பத்துக்குச் சியாகுல்லியில் தோட்டம் இருந்தது. காலம் பிந்திப் பழுக்கிற, தேன் மாதிரி இனிக்கிற பழம். உரித்தார். ஒரு சுளையைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

வாசகரே, நீங்கள் கலியாணமானவராக இருந்தால் இது உங்களுக்கு ஒன்றுமில்லை. எனக்கு அந்தச் சுளை ஒரு முழுத் தாலிக்கொடி. மென்றேன். மெல்லும் நேரம் பேச முடியவில்லை. விழுங்கியதும் தொடங்கினேன். அவர் அடுத்த சுளையைத் தந்தார். மறுபடி மென்றேன். நான் வாயைத் திறக்கிற போதெல்லாம் ஒரு சுளை வந்தது. அன்பின் வேகம் என்று எண்ணினேன். கீழே மரம் ஆராய்கிற நண்பனுக்குக் கையைக் காட்டினேன், சரிவருகுது என்று.

வெயில் சுட்டது. வேர்வை வழிந்தது. வேர்வையைத் துடைத்த கையைப் பார்த்தேன், கறுப்பு. பெட்டியில் மூன்று மாதம் நிற்கும் என்று போட்டிருந்த டை முக்கால் மலைகூட நிற்கவில்லை. நெற்றியால் ஒரு கறுப்பு ஆறு, காதோரமாக இன்னொன்று. அவர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. சிரிக்கிறார்! பேசாமல் இருக்கிற பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்டேன்! இந்த இடத்தில் ஒரு மனிதன் கேள்வியைக் கேட்பான். நான், இன்னும் கொஞ்சம் சிரிக்க வைத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நன்றாயிருக்குமே என்று யோசித்தேன். அன்றைக்குச் சோடா குறுக்கிட்ட கதை பாதியில் நிற்கிறதே.

படகுக் கதையைத் தொடங்கினேன்.

அதை நான் சொல்வதில்லை, நடிப்பேன். ஏஜென்ற் எங்களை உதைபந்தாட்டக் குழு என்று சொல்லிக் கூட்டிப்போனது. குழுவில் கோல் காக்கிறவர் மூச்சிழுப்புக்காரரான ஒரு பென்சன்காரர். பிறகு மீன்பிடிப் படகின் அடித்தட்டில் எங்களை அடுக்கியது. இருட்டு, ஆட்டம், ஓங்காளம். அப்போது என் காலில் தண்ணீர் ஏறுகிறது. நான் கத்துகிறேன். அந்த இடத்தில் எழும்பி நின்று இரண்டு கையையும் விரித்துக் கத்த வேண்டும். கத்தினேன். மலையின் விளிம்பில், கீழே முழுக் கடலும் விரிந்து கிடக்க, கறுப்பு வழிகிற முகத்தோடு, வெறுங்காலில் நின்று கத்தினேன்.

"ஐயோ, தாழுது! படகு தாழுது! பிள்ளையாரே, மாதாவே, அல்லாவே, ஆராவது வாங்கோ!"

பிறகுதான் தெரியவரும், பென்சன்காரரின் சூப் போத்தல் உடைந்து என் காலில் ஊற்றியது என்று. அங்கேதான் எல்லாரும் சிரிப்பார்கள்.

அவர் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தபடி நின்றார். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்தார். உரிக்கவில்லை, பிரிக்கவில்லை. முழுப் பழத்தை அப்படியே என் கைக்குள் வைத்து அழுத்திவிட்டு விறுவிறு என்று ஏறினார். முழுப் பழம்! என் தலைக்குள் மேளம் உச்சத்துக்குப் போய்விட்டது.

குகைக்குள் குளிர். பாறை ஒழுகிக்கொண்டேயிருந்தது, ஒழுகுவதைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோகக் கூரை முழுக்கத் தகரப் பீலிகள். சுவரில் வேண்டுதல் நிறைவேறியவர்கள் கொண்டுவந்து தொங்கவிட்ட வெள்ளிக் கைகள், கால்கள், இருதயங்கள். அவர் மெழுகுதிரியை ஏற்றினார். முழந்தாளில் நின்றார், வெகு நேரம். நான் பின்னால் நின்று, இந்தத் தடவை உண்மையாகவே, அந்தக் கேள்வியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பீலி தவறிய ஒரு சொட்டு என் உச்சந்தலையில் விழுந்தது. நகர்ந்தேன். அங்கேயும் ஒன்று விழுந்தது.

அவர் எழும்பி வந்தார். இரண்டு வாரத்தில் இரண்டாவது தடவையாக என்னோடு பேசினார்.

"என்ரை தம்பியைப் பற்றி உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"இல்லை," என்றேன்.

"நான் நினைச்சன் சொல்லியிருப்பினம் எண்டு. ஏறேக்கைதான் விளங்கிச்சுது, சொல்லேல்லை எண்டு. தெரிஞ்சிருந்தா நீங்கள் அப்பிடிக் கதைச்சிருக்கமாட்டீங்கள்."

தம்பி ஏஜென்றைப் பிடித்துப் புறப்பட்டிருக்கிறான். கடைசியாகக் கதைத்தபோது, "அக்கா, நாளைக்குப் படகிலை ஏத்துறாங்களாம், இத்தாலிக்குத்தான்" என்றிருக்கிறான். அது போன வருடம் மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு. பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஏஜென்றின் நம்பரும் வேலை செய்யவில்லை. அன்றையிலிருந்து ஒவ்வொரு வியாழனும் பேசாமல் மலை ஏறுகிறார். ஒரு செய்தி வரும்வரைக்கும். எந்தச் செய்தியானாலும்.

"தங்கச்சியவை நல்ல மனத்தோடைதான் இதைச் செய்தவை. அவையின்ரை முகத்தை முறிக்கேலாமத்தான் அண்டைக்குச் சாப்பிட வந்தனான். உங்களிலை ஒரு குறையும் இல்லை. நான் இப்ப ஒண்டையும் யோசிக்கிற நிலையிலை இல்லை. எப்ப யோசிப்பன் எண்டும் தெரியேல்லை. உங்களைக் காத்திருக்கச் சொல்லுறதும் பாவம்."

அவ்வளவுதான். நான் கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாத் தெய்வத்தையும் சாட்சி வைத்துச் சொல்கிறேன், வாய்க்குள் ஒரு பகிடி வந்து நின்றது. பல்லைக் கடித்து அதை உள்ளே வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பீலி மறுபடி தவறி, சொட்டுச் சொட்டாக என் தலையில் ஊற்றியது. மிச்சமிருந்த டை முழுவதும் கண்ணருகால் கன்னத்தில் இறங்கி, நாடியில் சேர்ந்து சட்டையில் சொட்டியது. அவர் கைலேஞ்சியை நீட்டினார்.

"அழாதேங்கோ," என்றார்.

நான் அழவில்லை. அது டை. கைலேஞ்சியை வாங்கித் துடைத்தேன். வெள்ளைக் கைலேஞ்சி நாசமாய்ப் போனது.

கீழே இறங்கப் பஸ் பிடித்தோம். சிஞ்ஞோராவின் இரவுச் சாப்பாட்டுக்கு அவர் போக வேண்டும். நண்பனும் மனைவியும் முன் இருக்கையில் இருந்துகொண்டு கழுத்தைத் திருப்பாமல் காதால் மட்டும் எங்களைப் பார்த்தார்கள். வளைவுகள் வந்தன, போயின. துறைமுகம் தெரிந்தது. கடைசியில் ஒன்று கேட்டேன். பாடமாக்காத கேள்வி.

"தம்பி எப்பிடி? வாயாடியோ?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல் தடவையாக நேராக.

"சொல்லி வேலையில்லை. உங்களை மாதிரித்தான். செத்தவீட்டிலையும் பகிடி விடுவான். தோடம்பழம் குடுத்துத்தான் வாயை அடைக்கவேணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார், கையால் வாயைப் பொத்தாமல். சிரிப்பு முடிந்த பிறகும் முகம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

இறங்குகிற இடம் வந்ததும் பையைத் திறந்து ஒரு சின்னப் படத்தைத் தந்தார். பாஸ்போட்டுக்கு எடுத்த படம். மெல்லிய மீசை, சிரிக்கக்கூடாது என்று படக்காரன் சொன்னதால் சிரிப்பை அடக்கிய வாய்.

"வழியிலை மாறி இங்கிலாந்துக்கு வந்திருக்கலாம் எண்டு சிலபேர் சொல்லுகினம். அங்கை எங்கடை ஆக்கள் கன பேரெல்லோ. ஆரையும் கண்டால் காட்டிக் கேட்டுப்பாப்பீங்களோ?"

வீடுகளைவிடச் செம்மறிகள் கூடிய ஊர் என்று அவருக்கு மலை முழுக்கச் சொல்லியிருந்தேன். முகம் கறுத்தது, முகம் வெளுத்தது என்று வகை பிரித்தும் சொல்லியிருந்தேன். ஆனாலும் கேட்டார்.

"ஓம்," என்றேன். "கட்டாயம் கேக்கிறன்."

வெள்ளிக்கிழமை முழுவதும் அந்த வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நண்பன் வேலைக்குப் போய் வந்தான். மனைவி என் சூட்கேஸுக்குள் சியாகுல்லிப் பழங்களை அடுக்கினார். சட்டைகளுக்கு இடையில், சப்பாத்துக்குள், காலுறைக்குள். கடைக்காரரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "அண்ணை, எப்ப சாப்பாடு?" என்றார்கள். "கடல் இன்னும் கொதிக்கேல்லை" என்றேன். நன்றாகச் சிரித்தார்கள். குளியலறைக் கண்ணாடியில் என் தலை, வரிக்குதிரையின் முதுகு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை, விமான நிலையத்தில், நண்பனின் மனைவிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எங்கள் ஆட்களின் ஏற்பாட்டையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு நேரே கேட்டார்.

"அண்ணை, அக்காவைக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"ஏன் அண்ணை?"

"நீங்கள் ஏன் தம்பியைப் பற்றி எனக்குச் சொல்லேல்லை?"

அவர் நண்பனைப் பார்த்தார். நண்பன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

"நல்ல காரியம் பேசேக்கை அதை எப்பிடிச் சொல்லுறது?" என்றார் நண்பனின் மனைவி. "அவ கொஞ்சமாவது சிரிக்கட்டும் எண்டுதான் உங்களைக் கூப்பிட்டனாங்கள். இவர்தான் சொன்னவர், நீங்கள் எல்லாரையும் சிரிக்க வைப்பீங்கள் எண்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மச்சான், அந்தப் படகுக் கதை…" என்று தொடங்கினான் நண்பன்.

"சொன்னனான்," என்றேன். "முழுக்கச் சொன்னனான். நடிச்சும் காட்டினனான்."

விமானத்துக்குக் கூப்பிட்டார்கள்.

செம்மறி ஊரில் மழை பெய்துகொண்டிருந்தது. லண்டனுக்குப் போய் எனக்குத் தெரிந்த இரண்டொரு கடைகளிலும் கோயில் வாசலிலும் படத்தைக் காட்டினேன். ஒவ்வொருவரும் வாங்கிப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருவர் தன் சட்டைப் பையிலிருந்து வேறொரு பெடியனின் படத்தை எடுத்து எனக்குக் காட்டினார். திரும்பி வந்து, கல்லாவுக்கு மேலே, சிகரெட் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். அங்கே வருகிறவர்கள் ட்ராக்டருக்கு டீசல் அடிக்கிறவர்கள். அவர்களில் யார் கண்டிருக்கப் போகிறார்கள்? ஆனாலும் வேறெங்கே ஒட்டுவது?

ஒருநாள் கிழவி பத்திரிகைக்கு வந்தாள். மழை என்றாள். ஆமாம் என்றேன். படத்தைச் சுட்டிக்காட்டி, உன் தம்பியா, முகச்சாடை இருக்கிறதே என்றாள்.

"ஓம்," என்றேன். தமிழில்தான் வந்தது.

வடிவான பெடியன், சிரிப்பை அடக்குகிறான் பார், என்றாள். சில்லறையை எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொண்டு மழைக்குள் போனாள். மூன்றாம் பம்பில் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.